ஒன்பதாவது கார்னரில் தவறிய பந்து

ஜூனியர் பெண்கள் உலகக் கோப்பை ஹாக்கியில் நம் அணி வெளியேறிய அன்று சாயங்காலம், ஆட்டம் முடிய நாற்பது விநாடி இருக்கும்போது கிடைத்த ஒன்பதாவது பெனால்டி கார்னரில், கோட்டிலிருந்து தள்ளிவிடப்பட்ட பந்து, அதை நிறுத்த வேண்டிய பெண்ணின் ஸ்டிக்குக்கு அடியில் ஒரு விரற்கடை இடைவெளியில் நழுவி, பச்சைத் திடலைக் குறுக்காகக் கடந்து, டிவியின் வலது ஓரத்துக்கு வந்து, அங்கேயும் நிற்காமல் எங்கள் நல்லமுத்துப்பட்டி பேரூராட்சிக் கல்யாண மண்டபத்தின் மேடையில் தொப்பென்று விழுந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்களுக்கு நடுவே உருண்டு, சாப்பாட்டுக் கூடம் வழியாக வாசலுக்குப் போய், மூன்று படி இறங்கி, கடைத்தெருப் பக்கம் திரும்பியது. டிவியில் இரண்டு அணிப் பெண்களும் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அம்பயர் கையை விரித்து வேறு பந்து கேட்டார்.

எங்கள் ஊரில் அதற்காக யாரும் எழுந்திருக்கவில்லை. காலை மடக்கி வழிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் மண்டபத்தில் இருந்த முந்நூறு பேரும் கோச்சைத் திட்டிக்கொண்டிருந்தோம், திட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் பந்தைப் பார்க்க ஒருவருக்கும் மனசில்லை. திட்டி முடித்து, தேர்வுக் குழுவையும் திட்டி முடித்து, நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டு வெளியே வந்தபோதுதான் பந்து ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி மண்டபத்துப் படியில் ஏறுவதைப் பார்த்தோம்.

திட்டுவதற்குக் காரணம் இருந்தது. நல்லமுத்துப்பட்டி கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. ஒன்பது தீப்பெட்டி ஆபீஸ், ஒரு பெண்கள் பள்ளி, ஒரு ஹாக்கி மைதானம். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்பைப் போட மறந்தாலும் 'லெஃப்ட் அவுட்', 'சென்டர் ஹாஃப்' என்று போட மறக்காத ஊர். அப்படிப்பட்ட ஊரிலிருந்து நாட்டு ஜூனியர் அணிக்குப் போன காவ்யதர்ஷினியை, போன வருஷம் மட்டும் எங்கள் மைதானத்தில் பெனால்டி கார்னரில் பதினான்கு கோல் அடித்த பெண்ணை, உலகக் கோப்பைப் பட்டியலில் விட்டுவிட்டார்கள். புதிதாக வந்த கோச்சுக்கு ஒரே வேலைக்கென்று ஓர் ஆள் வைத்துக்கொள்வது பிடிக்காதாம், எல்லாரும் எல்லா வேலையும் செய்ய வேண்டுமாம், அப்படிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாராம். அந்தக் கம்ப்யூட்டரை நாங்கள் திட்டிய திட்டு இருக்கிறதே, அதற்கு உயிர் இருந்தால் நாண்டுகொண்டு செத்திருக்கும்.

பட்டியல் வந்த மறுநாளே ஹாக்கி ரசிகர் மன்றத்தின் தலைவர், கடலைமிட்டாய்க் கடை சீனிராஜ், கோச்சுக்கு ஒரு கொடும்பாவி செய்து, கழுத்தில் விசிலும் கட்டித் தொங்கவிட்டு, பஸ் ஸ்டாண்டில் கொளுத்தினார். தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லாத ஊர், ஆளுக்கொரு குச்சி உரசினோம். ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டினோம். 'தேர்வுக் குழுவே, தர்ஷினி இல்லாத அணி மருந்து இல்லாத தீக்குச்சி' என்கிற வாசகம் என்னுடையது. என் பெயர் ஆவுடையப்பன், மைக் செட் வாடகைக்கு விடுகிறேன், எங்கள் ஊர் மைதானத்தில் முப்பத்தொரு வருஷமாக ஆட்டத்தை மைக்கில் சொல்கிறவன் நான்தான். சின்னப் பிள்ளைகள் முதல் கிழவர்கள் வரை எனக்குப் பெயர் மைக் மாமா.

பெனால்டி கார்னர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோல் கோட்டிலிருந்து ஒரு பெண் பந்தை வெளியே தள்ளுவாள். 'டி' என்கிற அரைவட்டத்தின் உச்சியில் இன்னொரு பெண் அதை நிறுத்துவாள். நின்ற பந்தை மூன்றாவது பெண் கோலுக்குள் அடிப்பாள். எல்லாம் இரண்டு விநாடியில் முடிந்துவிடும். "இதோ புறப்பட்டது பந்து" என்று நான் ஆரம்பித்து, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, "அடித்தார் தர்ஷினி" என்று முடிப்பேன், அந்தச் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கைதட்டுவார்கள்.

பந்து விஷயத்துக்கு வருகிறேன். அது மண்டபத்தில் புறப்பட்டு, கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு, தீப்பெட்டி ஆபீஸ் சந்து, பெண்கள் பள்ளி, தண்ணீர்த் தொட்டி, மைதானம் என்று சுற்றி மறுபடி மண்டபத்துக்கு வர முதலில் நாற்பது நிமிஷம் ஆனது. முதல் நாள் நாய்கள் துரத்தின, இரண்டாம் நாள் படுத்த இடத்திலிருந்து தலையை மட்டும் தூக்கின, மூன்றாம் நாள் அதுவும் இல்லை. பஸ் டிரைவர்கள் பந்துக்கு வழிவிட்டு ஓரம்கட்டப் பழகினார்கள். கடைக்காரர்கள் தராசை உள்ளே தள்ளி வைத்தார்கள். தீப்பெட்டி ஆபீஸில் பெண்கள் பந்து வருகிற சத்தம் கேட்டதும் தட்டுகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்கள், அது பெஞ்சுக்கு அடியில் போய்விட்டதும் இறக்கி வைத்து வேலையைத் தொடர்வார்கள், மேஸ்திரி அதை நேர இழப்பாக எண்ணக்கூடாது என்று இரண்டாவது வாரத்திலேயே பேசி முடித்தார்கள். பள்ளியில் பந்து வருவதை வைத்தே பீரியடு மாற்றி, மணி அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பேரூராட்சி, பந்து போகும் பாதையில் பள்ளங்களை அடைத்தது, பத்து வருஷமாக நாங்கள் மனு கொடுத்தும் அடைக்காத பள்ளங்கள் அவை.

அதை நிறுத்தப் பார்க்காமல் இல்லை. சுவர் வைத்தால் சுற்றிப் போனது, மணல் மூட்டை போட்டால் ஏறி இறங்கிப் போனது, வலை விரித்தால் அடியில் புகுந்து போனது, கையால் அமுக்கினால் உள்ளங்கைக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி எப்படியோ உண்டாகி அதில் நழுவிப் போனது. ஊரில் ஹாக்கி ஆடிய ஆண்கள் ஒவ்வொருவராக வந்து ஸ்டிக்கைப் போட்டுப் பார்த்தார்கள். மாநில அணிக்கு ஆடியவர்கள் இரண்டு பேர், ரயில்வேக்கு ஆடியவர் ஒருவர். மூவருக்கும் டிவியில் நடந்ததே நடந்தது. அதற்குப் பிறகு அவர்கள் அந்த ஒன்பதாவது கார்னர் பெண்ணை மட்டும் திட்டுவதை விட்டுவிட்டார்கள், கோச்சைத் திட்டுவதை விடவில்லை.

பந்து தர்ஷினிக்கு நியாயம் கேட்டு வந்திருக்கிறது என்று முதலில் சொன்னவர் சீனிராஜ். அதை ஊரே ஏற்றுக்கொண்டது. வேறு எதற்கு அத்தனை தூரத்திலிருந்து வரப்போகிறது?

அதற்கு ஒரு அத்தாட்சியும் கிடைத்தது. வந்த நாலாம் நாளிலிருந்து, விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, பந்து மைதானத்தைக் கடக்கும்போது அதன் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. ஊரில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட அந்த அமைதியில் விழித்துக்கொண்டார்கள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி கடகடவென்று கிளம்பும். பந்துக்கும் ஒரு டீ வேண்டாமா என்றார் டீக்கடைக்காரர். கோயில் பூசாரி, சாமி எழுந்திருக்கும் நேரத்துக்கு அது மரியாதை செய்கிறது என்றார், ஏனென்றால் அந்த நேரத்துக்குப் பிறகு வருகிற பந்தின் ஒரு பக்கத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டி ஏதோ ஒட்டியிருந்தது, அவர் கணக்கில் அது திருநீறு. சீனிராஜ், அது தர்ஷினிக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காகப் பந்து செலுத்தும் மௌன அஞ்சலி என்றார். செத்தவர்களுக்குத்தானே அஞ்சலி என்று யாரோ கேட்டதற்கு, தேர்வுக் குழு செத்துப் போச்சுவே என்று பதில் சொன்னார்.

ஆகவே ஐந்தரை முதல் ஆறு வரை யாரும் மைதானத்துப் பக்கம் போகக்கூடாது, பந்தின் மௌனத்தைக் கெடுக்கக்கூடாது என்று மன்றத்தில் தீர்மானம் போட்டோம். ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாக அதை அறிவித்தது நான். ஊர் கட்டுப்பட்டது. ஆறு வாரம் யாரும் போகவில்லை.

அதற்குள் பந்தின் வேகம் கூடிவிட்டது. நாற்பது நிமிஷச் சுற்று முப்பது ஆகி, இருபது ஆகி, பதினான்கு ஆனது. மருந்துக்கடை கம்பவுண்டருக்குக் கணுக்கால் உடைந்தது. மருந்தில் முக்கி எடுத்த குச்சிகள் அடுக்கியிருக்கும் தீப்பெட்டி ஆபீஸ் சந்தில் அது கல்லில் உரசி ஒரு பொறி பறந்ததை நான்கு பெண்கள் பார்த்தார்கள், அன்றைக்கு அவர்களுக்கு வேலை ஓடவில்லை. சீனிராஜ் மாவட்ட ஆட்சியரிடம் போனார், எம்.பி.யிடம் போனார், டெல்லிக்குத் தந்தி மாதிரி தினம் ஒரு மெயில் அனுப்பினார், போஸ்டர்களை நான்காவது முறையாக அச்சடித்தோம். ஒரு நாள் கடிதம் வந்தது. ஆசியப் போட்டிக்கான ஜூனியர் முகாமுக்குக் காவ்யதர்ஷினி வரலாம் என்று எழுதியிருந்தது.

எங்கள் ஊரில் அன்றைக்கு வெடித்த வெடி போன தீபாவளிக்குக்கூட வெடிக்கவில்லை. சீனிராஜ் கடலைமிட்டாயை அள்ளி இறைத்தார். கூட்டமாக மைதானத்துக்குப் போனோம், நியாயம் கிடைத்துவிட்டதால் பந்து இனி நின்றுவிடும் என்று. சாயங்காலம் நாலரைக்கு அது வந்தது, எங்களைத் தாண்டியது, போய்விட்டது. பதினான்கு நிமிஷம் கழித்து மறுபடி வந்தது. தர்ஷினி கையால் நிற்கணும்னு காத்திருக்கு போல என்று சீனிராஜ் சொல்ல, தர்ஷினியைத் தள்ளிக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினோம். உயரமான பெண், பத்தொன்பது வயது, எதற்கும் அசராதவள். குனிந்து ஸ்டிக்கைத் தரையோடு படுக்கப் போட்டாள். பந்து அதற்கு அடியில் நழுவிப் போனது.

"கொஞ்சம் தாழ்த்திப் பிடிச்சிருக்கலாம்ல தாயி" என்றார் சீனிராஜ்.

தர்ஷினி நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். "சீனி மாமா, நான் ஆட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கார்னர்ல ஒரு பந்தக்கூட நிறுத்துனதில்ல. நின்ன பந்தத்தான் அடிச்சிருக்கேன்."

"பின்ன யாரு நிறுத்துனா?"

அவள் என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முப்பத்தொரு வருஷத்தில் இந்த மைதானத்தில் ஆடிய ஒவ்வொருவரையும் இனிஷியலோடு சொல்லக்கூடியவன் நான், அவர்கள் அப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்வேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. தர்ஷினியின் பதினான்கு கோலும் என் கண்முன்னால் ஓடின, பந்து புறப்படுகிறது, தர்ஷினி அடிக்கிறாள், புறப்படுகிறது, அடிக்கிறாள், நடுவில் யாரும் இல்லை. நடுவில் நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

"எல்லாத்தையும் நிறுத்துனது இவதான்" என்று தர்ஷினி கூட்டத்தின் ஓரத்தைக் காட்டினாள். "பட்டியல்ல எம்பேரு மட்டும் விட்டுப்போகல. என்கூடவே அணிக்கு வந்த இவ பேரும்தான் விட்டுப்போச்சு. நீங்க யாரும் கேக்கவே இல்ல."

அங்கே, மைதானத்துச் சுவருக்குப் பக்கத்தில், பசை வாளியோடு ஒரு பெண் நின்றாள். தினமும் விடிவதற்கு முன்னால் தர்ஷினிக்காகப் போஸ்டர் ஒட்டுகிற பெண் என்று அவளை எங்களுக்குத் தெரியும். தர்ஷினியின் சிநேகிதி என்றும் தெரியும். தீப்பெட்டி ஆபீஸ் பெத்தம்மாளின் மகள் சந்தனமாரி என்பதைத் தர்ஷினி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். வாளிக்குள் மைதாப் பசையைக் கலக்க அவள் போட்டு வைத்திருந்தது ஒரு ஹாக்கி ஸ்டிக். அதன் வளைந்த முனையில் பசை காய்ந்து பொருக்குப் பொருக்காக நின்றது.

பூசாரிதான் முதலில் அந்தப் பொருக்கைப் பார்த்தார். "ஏட்டி, அந்தத் திருநீறு..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஆமா" என்றாள் சந்தனமாரி. "காலைல போஸ்டர் ஒட்ட வரும்போது பந்து வரும். பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியல. நிறுத்துவேன். நிக்கும். ஒரு நிமிஷம் போல நின்னு, அடிக்க ஆள் இல்லன்னு தெரிஞ்சதும் ஸ்டிக்குக்கு அடியில கிடந்து துடிக்கும். பாவமா இருக்கும், விட்டுருவேன்."

"ஆறு வாரமாவா?"

"ஒரு நாள்கூட விடல. யாராவது பாப்பாங்கன்னு இருந்தேன். மைக் மாமாதான் யாரும் வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கண் இருக்கிறதா என்று டெல்லிக்காரனைக் கேட்டுக் கொடும்பாவி கொளுத்திய முந்நூறு பேரும் தரையைப் பார்த்தோம். வெட்கமென்றால் அப்படி ஒரு வெட்கத்தை எங்கள் ஊர் பட்டதில்லை. சீனிராஜ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம்தான் தெரிந்தது, மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் அவள் திருப்பூர் போகிறாள் என்று. பனியன் கம்பெனியில் அவள் அம்மா வேலை பேசி முடித்திருந்தாள். அடுத்த வருஷம் ஜூனியர் வயது முடிந்துவிடும், பட்டியலில் பெயரில்லாத பெண்ணை யார் கூப்பிடப்போகிறார்கள், வீட்டில் எத்தனை நாள் பசை கலக்குவாள்?

"அவ இல்லாம நான் முகாமுக்குப் போகமாட்டேன்" என்றாள் தர்ஷினி.

சீனிராஜுக்கு உயிர் வந்தது. "போக வேண்டாம் தாயி. ஒரு யோசனை இருக்கு. நாளைக்குக் காலைல அஞ்சே முக்காலுக்கு மொத்த ஊரும் இங்க நிக்கும். ஊரே நிறுத்த முடியாத பந்தை இந்தப் பிள்ளை நிறுத்தும். அத்தனை போன்லயும் வீடியோ எடுப்போம். அன்னைக்கே டெல்லிக்கு அனுப்புவோம். அதப் பாத்த பிறகும் இவளக் கூப்பிடலன்னா நான் கடையை மூடிட்டுப் போறேன்."

சந்தனமாரி வாளியைக் கீழே வைத்தாள். "தர்ஷினி பின்னால நிக்கணும். அடிக்க ஆள் இருந்தா அடியோட முடிஞ்சிரும், பந்து அதுக்குப் பிறகு ஊரைச் சுத்தாது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, நான் நிறுத்துனதும் நீங்க மைக்ல சொல்லுங்க. நீங்க சொன்ன பிறகுதான் அவ அடிப்பா."

"சொல்லுதேன் தாயி" என்றேன். "இனிஷியல் என்ன?"

"பெ. அம்மா பேரு."

வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நிறுத்தியவர் பெ. சந்தனமாரி. சாப்பிடும்போது சொன்னேன், மைக் வயரைச் சுருட்டும்போது சொன்னேன். என் வீட்டுக்காரி, மந்திரம் மாதிரி எதையோ முணுமுணுக்கிறீர்களே என்று பயந்துவிட்டாள். உள்ளங்கையில் பேனாவால் எழுதியும் வைத்துக்கொண்டேன்.

காலையில் நல்லமுத்துப்பட்டியில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வந்திருந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள், கட்டுப் போட்ட காலோடு கம்பவுண்டர் நாற்காலியில் வந்திருந்தார். டி கோட்டைச் சுண்ணாம்பால் புதிதாகப் போட்டிருந்தோம். எல்லார் கையிலும் போன் இருந்தது. சந்தனமாரியின் பை மைதானத்துச் சுவரோரம் இருந்தது, பெத்தம்மாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டி உச்சியில் சந்தனமாரி குனிந்து நின்றாள், குள்ளமான பெண், குனிந்தால் இன்னும் குள்ளமாகத் தெரிந்தாள். அவளுக்கு இரண்டடி பின்னால் தர்ஷினி ஸ்டிக்கை ஓங்கி நின்றாள்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சத்தம் கேட்டது. பந்து வந்தது. அப்படி ஒரு வேகத்தில் அது அதுவரை வந்ததில்லை. "இதோ புறப்பட்டது பந்து" என்றேன், மைதானம் முழுக்க என் குரல் போய்த் திரும்பி வந்தது. சந்தனமாரி ஸ்டிக்கைப் படுக்க வைத்தாள். பந்து நின்றது. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை, கரிசல் தரையில் ஒரு தூசி எழும்பவில்லை, உலகத்தின் எந்த மூலையிலோ தவறிப்போன பந்து ஆறு வாரம் உருண்டு அந்தப் பெண்ணின் ஸ்டிக்குக்கு அடியில் வந்து நின்றது.

நான் மூச்சு வாங்கினேன்.

"அடித்தார் தர்ஷினி" என்றேன்.

என் குரல்தான் அது. ஸ்பீக்கரில் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. தர்ஷினி அடித்திருக்கவில்லை, ஸ்டிக்கை ஓங்கியபடி அப்படியே நின்றுகொண்டிருந்தாள், ஆனால் கூட்டம் என் வார்த்தையைக் கேட்டதும் முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் ஆவென்று கைதட்டியது, பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்தும் யாரோ கைதட்டினார்கள். உள்ளங்கையைப் பார்த்தேன். வியர்வையில் எழுத்து கலைந்து நீலமாக ஓடியிருந்தது.

தர்ஷினி ஸ்டிக்கைக் கீழே போட்டாள். சந்தனமாரி குனிந்த நிலையிலேயே தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். ஸ்டிக்குக்கு அடியில் பந்து துடிக்க ஆரம்பித்தது. அவள் ஸ்டிக்கைத் தூக்கினாள். பந்து கிளம்பிப் போனது. அவள் ஸ்டிக்கைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, அம்மாவோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நான் மைக்கில் அவள் பெயரைக் கத்தினேன், இனிஷியலோடு கத்தினேன், பத்து தடவை கத்தினேன். ஏழு மணி பஸ் ஏழுக்கே கிளம்பியது.

"பரவால்லவே, வீடியோ இருக்கு" என்றார் சீனிராஜ். "சத்தத்த எடுத்துட்டு அனுப்பினாப் போதும்."

மைதானத்திலேயே உட்கார்ந்து போன்களைப் பார்த்தோம். சீனிராஜின் போனில் தர்ஷினி இருந்தாள், ஸ்டிக்கை ஓங்கியபடி, முகம் தெளிவாக. டீக்கடைக்காரர் போனில் தர்ஷினி. பூசாரி போனில் தர்ஷினி. தீப்பெட்டி ஆபீஸ் பெண்களின் போன்களில், பள்ளி டீச்சர்களின் போன்களில், ஒரே கண்ணால் பார்த்த மாதிரி தர்ஷினி. பந்து நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் ஊர் முழுக்க, ஒருவர் சொல்லாமல் ஒருவர், அடிக்கப்போகிறவள் பக்கம் போனைத் திருப்பியிருந்தது. மத்தியானம் வரை முந்நூறு போன்களையும் பார்த்து முடித்தோம். கம்பவுண்டரின் போனில் மட்டும், படத்தின் அடி ஓரத்தில், பசை காய்ந்த ஒரு ஸ்டிக்கின் முனை அரை விநாடி வந்து போனது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கம்பவுண்டர் குலுங்கிக் குலுங்கி அழுதார், காலுடைந்தபோதுகூட அவர் அழவில்லை. அன்றைக்கு எங்கள் ஊரில் உலை வைக்க யாருக்கும் கை வரவில்லை.

தர்ஷினி முகாமுக்குப் போனாள். பத்து நாள் போகவில்லை, பிறகு போனாள், போகாமல் என்ன செய்வாள்? ஆசியப் போட்டியில் நம் அணிக்குப் பதினொரு கார்னர் கிடைத்தது, ஒன்றும் கோலாகவில்லை. மண்டபத்தில் அதைப் பார்த்தபோது யாரோ பின்வரிசையிலிருந்து கோச்சைத் திட்ட ஆரம்பித்து, நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். சந்தனமாரியைப் பார்க்க சீனிராஜ் மூன்று தடவை திருப்பூருக்கே போய் வந்தார். ஷிப்டில் இருக்கிறாள், பார்க்க முடியாது என்று கேட்டில் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது தடவை அவள் சொல்லி அனுப்பியிருந்தாள், மைதானத்துச் சுவரில் சாய்த்து வைத்த ஸ்டிக் மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அதை மண்டபத்தில் கண்ணாடி போட்டு வைக்கலாம் என்று சீனிராஜ் சொன்னதற்கு நான் விடவில்லை. சுவருக்கு மேலே ஒரு தகரம் மட்டும் போட்டிருக்கிறோம்.

பந்து இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது ஒன்பது நிமிஷம் ஒரு சுற்று. ஐந்தே முக்காலுக்கு ஊர் விழித்துக்கொண்டு காது கொடுக்கிறது, சத்தம் நிற்பதில்லை. நான் தினமும் அந்த நேரத்துக்கு மைக்கோடு மைதானத்துக்குப் போகிறேன். டி உச்சியில் நின்று, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பந்து திரும்புவதைப் பார்த்ததும், நிறுத்தியவர் பெ. சந்தனமாரி என்று சொல்ல வாயைத் திறக்கிறேன். நான் மூச்சு வாங்குவதற்குள் அது என்னைத் தாண்டிப் போய்விடுகிறது.